தொட்டி கசிந்துவிட்டதா? முதல் 24 மணி நேரத்திலிருந்து கடைசிக் காசோலை வரை

அமெரிக்காவில் பெட்ரோல் நிலையம் வாங்கும்போது மாதம் எத்தனை கேலன் விற்கிறது, கடையில் லாபம் எவ்வளவு, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்திருக்கும் தொட்டிகளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அந்தத் தொட்டி கசிந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் சொந்த நிலையத்தில்தான் தெரிந்துகொண்டேன். விதிகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் எதை முதலில் செய்வது, எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது, எந்தச் செலவு திரும்பி வரும், எது வராது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டு மேலே படியுங்கள். மண்ணைச் சுத்தம் செய்வதும் பணத்தைத் திரும்பப் பெறுவதும் ஒரே வேலை. சுத்தம் செய்து முடிப்போம், பிறகு ரசீதுகளைத் திரட்டிக் கொடுப்போம் என்று இருந்தால் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும். காசோலை வருவது கடைசியில். அது வருமா என்பது தீர்மானமாவது முதல் சில வாரங்களில்.

நான் சொல்லும் காலக்கெடுக்கள் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளில், அதாவது மத்திய விதித்தொகுப்பின் 40ஆம் தலைப்பு 280ஆம் பகுதியில், உள்ளவை. இவை குறைந்தபட்ச விதிகள். மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக விதிக்கலாம். பல மாநிலங்கள் அப்படித்தான் விதித்திருக்கின்றன. நடைமுறையில் நீங்கள் பேசப்போவது மாநில அலுவலகத்துடன்தான். பழங்குடியினர் நிலங்களில் மட்டும் முகமையே நேரடியாக நடத்துகிறது. 110 கேலனுக்கு மிகாத தொட்டிகள், வீட்டிலோ பண்ணையிலோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் 1,100 கேலனுக்கு மிகாத தொட்டிகள், அதே இடத்திலேயே எரிக்கப்படும் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவை மத்திய விதிக்குள் வராது. அவற்றுக்கும் மாநில விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கசிவுக்கு முன்பே ஒரு கோப்பு

இன்று கசிவு இல்லாதவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கசிவு வந்த பிறகு இந்தத் தாள்களைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

பெட்ரோல் விற்பவர் ஒவ்வொருவரும் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை செலவைத் தாங்கும் வழி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். தொட்டிகள் 100 வரை இருந்தால் ஆண்டு மொத்த வரம்பும் 10 லட்சம் டாலர்தான். பெட்ரோல் விற்பனை தொழிலாக இல்லாமல், மாதம் 10,000 கேலனுக்கு மிகாமல் கையாள்பவர்களுக்கு ஒரு கசிவுக்கு 5 லட்சம் டாலர் போதும். இந்த நிரூபணம் பெரும்பாலோருக்கு இரண்டில் ஒன்றாக இருக்கும்: மாநிலத்தின் தொட்டி நிதி (கசிவைச் சுத்தம் செய்த செலவைத் திருப்பித் தர மாநிலம் வைத்திருக்கும் பணம்), அல்லது தனியார் இன்ஷூரன்ஸ். உங்களுடையது எது என்று உடனே சொல்ல முடியாவிட்டால் இன்றே கண்டுபிடியுங்கள்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் நிதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சஸ் மாநிலத்தின் நிதி 1998 டிசம்பர் 22க்குள் கண்டறிந்து தெரிவிக்கப்பட்ட கசிவுகளுக்கு மட்டுமே. இன்று அங்கே தொட்டி கசிந்தால் இன்ஷூரன்ஸ்தான் கை கொடுக்க வேண்டும். வேறு மாநிலத்தில் நிலையம் நடத்தும் உறவினர் சொன்ன வழி உங்கள் மாநிலத்தில் செல்லாமல் போகலாம்.

இன்ஷூரன்ஸ் என்றால் பாலிசியின் பின்தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன் தொடங்கிய கசிவுக்குப் பணம் வராது. இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் கசிவு நடந்த ஆண்டை வைத்து அல்ல, கோரிக்கை வந்த காலத்தை வைத்துப் பணம் தருபவை. பாலிசி முடிந்துவிட்டால், அதன் காலத்தில் தொடங்கிய கசிவை 6 மாதத்துக்குள் கண்டுபிடித்துத் தெரிவிக்கவேண்டும். நிறுவனம் மாறும்போது, பழைய பின்தேதியையே புதிய பாலிசியிலும் எழுத்தில் வாங்குங்கள். சந்தா சற்றுக் குறைகிறது என்பதற்காகப் பின்தேதியை இழப்பது மிக மோசமான பேரம்.

நிலையம் கைமாறினால் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நிதித் தகுதியோ பாலிசியோ தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: தொட்டிப் பதிவுச் சான்று, ஆண்டுக் கட்டணம் செலுத்திய ரசீதுகள், 30 நாட்களுக்கு ஒருமுறை செய்யும் கசிவுக் கண்காணிப்பின் முடிவுகள், 30 நாட்களுக்கு ஒருமுறை செய்யும் சுற்றுப் பரிசோதனைக் குறிப்புகள், லைன் லீக் டிடெக்டரின் (குழாய்க் கசிவை உணரும் கருவி) ஆண்டுச் சோதனை, ஸ்பில் பக்கெட்டுகளின் (தொட்டியை நிரப்பும்போது சிந்துவதைப் பிடிக்கும் வாளிகள்) மூன்றாண்டுச் சோதனை, ஏ, பி, சி என்று பொறுப்பு வாரியாகப் பிரிக்கப்படும் ஆபரேட்டர்களின் பயிற்சிச் சான்றுகள். பல மாநில நிதிகள் இவற்றில் ஓட்டை கண்டால் கோரிக்கையைக் குறைக்கும், சில அடியோடு மறுக்கும். பழைய உரிமையாளர் காலத்துத் தாள்களையும் விற்பனையின்போதே வாங்கிவிடுங்கள். சாவி கைமாறிய பிறகு அவர் தொலைபேசியை எடுப்பார் என்ற உறுதி இல்லை.

2. சந்தேகம் வந்தால் அதுவே தொடக்கம்

கசிவு என்றால் மண் நனைந்திருக்கும், வாடை வீசும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது ஓர் எண்ணாகத்தான் முதலில் தெரியும். தொட்டியைத் தானாகக் கண்காணிக்கும் மானியில் சோதனை தோற்றது என்று ஒரு தாள் வரும். டிஸ்பென்சரில் பெட்ரோல் மெல்ல வரும். தொட்டியில் விளக்க முடியாத தண்ணீர் சேரும். குழாய் இணைப்புகளுக்குக் கீழே இருக்கும் சம்ப் குழியில் எரிபொருள் தேங்கும். பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் வாடை என்று யாராவது புகார் சொல்வார்கள்.

கையிருப்புக் கணக்கு வைப்பவர்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. மாத விற்பனையில் 1 சதவீதம், அதனுடன் 130 கேலன். மாதம் 80,000 கேலன் விற்றால் 800 கேலனும் 130 கேலனும் சேர்ந்து 930 கேலன். கணக்கில் அதற்கு மேல் கூடியோ குறைந்தோ இருந்தால் சந்தேகம் தொடங்குகிறது. அடுத்த மாதமும் அதே நிலை என்றால் தெரிவித்தாக வேண்டும்.

பெட்ரோல் மெல்ல வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் ஊழியர் பம்ப்பை அணைத்து மீண்டும் இயக்கிவிட்டுப் போய்விடுவார். அது ஆபத்தான பழக்கம். அழுத்தக் குழாய்களில் இருக்கும் லைன் லீக் டிடெக்டர், மணிக்கு 3 கேலன் அளவிலான கசிவை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டிய கருவி. கசிவு தெரிந்தால் அது ஓட்டத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். அதை மீண்டும் மீண்டும் இயக்கிவிட்டால் எச்சரிக்கையை அழிப்பதுடன், உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கான சாட்சியையும் நீங்களே உண்டாக்குகிறீர்கள். மானியின் நினைவகத்தில் எல்லா அலாரமும் தேதியோடு பதிந்திருக்கும். கோரிக்கையை ஆராய்பவர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.

3. முதல் 24 மணி நேரம்

ஓட்டத்தை நிறுத்துங்கள். சந்தேகத்துக்குரிய தொட்டியையோ குழாயையோ மூடுங்கள். ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும் வாய்ப்பு இருந்தால் 911 அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள், வாடிக்கையாளர்களை வெளியேற்றுங்கள். பணத்தைப் பற்றிய எல்லாப் பேச்சும் இதற்குப் பிறகுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாக்கடை வழியாகவும் கேபிள் குழாய்கள் வழியாகவும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும்.

அதே 24 மணி நேரத்துக்குள் மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கசிவு உறுதியாக வேண்டும் என்றில்லை, சந்தேகமே போதும். மேற்பரப்பில் சிந்தியது 25 கேலனுக்கு மேல் என்றாலோ, அருகிலுள்ள நீர்நிலையில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, அதுவும் 24 மணி நேரக் கெடுவுக்குள் வரும். 25 கேலனுக்குக் குறைவாகச் சிந்தி, 24 மணி நேரத்துக்குள் முழுதும் துடைத்துவிட்டால் தெரிவிக்க வேண்டியதில்லை.

தொலைபேசியில் சொன்னால் ஒரு சம்பவ எண் கொடுப்பார்கள். அந்த எண், பேசிய நேரம், பேசியவரின் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிவத்திலும் அந்த எண்ணும் தேதியும் கேட்கப்படும்.

தெரிவித்தால் அபராதம் விழுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தயக்கம்தான் விலை உயர்ந்தது. அபராதம் தொட்டிக்கும் நாளுக்கும் கணக்கிடப்படுவது. தாமதம் நிதித் தகுதியையும் கெடுக்கும். அதற்குள் கசிவு மண்ணிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும்.

4. அதே நாளில் இன்னொரு தொலைபேசி அழைப்பு

மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குச் சொன்னதால் நிதி அலுவலகத்துக்கோ இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கோ சொன்னதாக ஆகாது. பல மாநிலங்களில் இவை வேறு வேறு அலுவலகங்கள். இல்லினாய் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கசிவை முதலில் தெரிவிப்பது அவசரநிலை முகமையிடம். நீங்கள் நிதிக்குத் தகுதியானவரா, உங்கள் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மாநிலத் தீயணைப்பு ஆணையர் அலுவலகம். வேலைத் திட்டத்தையும் பட்ஜெட்டையும் அங்கீகரிப்பது மாநிலச் சுற்றுச்சூழல் முகமை. மூன்று கதவுகள், மூன்று கோப்புகள்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது பெரும்பாலும் செல்லாது. பாலிசியில் குறிப்பிட்ட முகவரிக்கே அனுப்ப வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்களாகச் செய்யும் செலவைத் தர மறுக்கும் பிரிவு கிட்டத்தட்ட எல்லாப் பாலிசியிலும் உண்டு. அவசரத் தடுப்பு வேலைக்கு மட்டும் விலக்கு இருக்கும். பதிலுக்கு, பணம் தர மறுக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு விசாரிப்பதாக நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்; அது மறுப்பு அல்ல. ஆனால் அதில் எந்தப் பிரிவுகளைச் சுட்டியிருக்கிறார்கள் என்று கவனமாகப் படியுங்கள். பின்னால் சண்டை வருவது அங்கிருந்துதான்.

டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் போட வேண்டிய பங்கு, உடனடியாகக் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. மத்திய விதிப்படி எழுதப்படும் தொட்டி இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தில், டிடக்டிபிளுக்குள் வரும் தொகையையும் வேலை செய்தவருக்கு நிறுவனமே கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. கேளுங்கள்.

5. ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது

வேலையின் பாதி வெற்றி இங்கே இருக்கிறது. தொட்டி பழுதுபார்ப்பவர் வேறு, சுற்றுச்சூழல் ஆலோசகர் வேறு. மாநிலத்தில் பதிவு அல்லது உரிமம் உள்ளவரா என்று முதலில் பாருங்கள். இல்லாதவர் செய்த வேலைக்கு நிதி பணம் தராது. களத்தில் இறங்கும் ஊழியர்களுக்கு அபாயப் பொருள் கையாளும் 40 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மாநிலத்தில் இதே நிதியிடமிருந்து நீங்கள் கோரிய தொகையில் எவ்வளவு வெட்டப்பட்டது, ஏன்? நல்ல ஆலோசகர் இதற்கு நேராகப் பதில் சொல்வார். முன்பு பணம் பெற்ற இரண்டு உரிமையாளர்களுடன் பேச விடுவார்.

பல இடங்களில் மூன்று விலைப்புள்ளிகள் கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் வாங்குங்கள். நிதிக்கு ஒரு கட்டண அட்டவணை இருக்கும்: ஒரு மணி நேரப் புவியியலாளர் வேலைக்கு இவ்வளவு, ஓர் அடி துளையிட இவ்வளவு என்று. ஆலோசகரின் விலை அதைத் தாண்டினால் மீதி உங்கள் தலையில்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள். நிதி வெட்டும் தொகையை யார் ஏற்பது? உரிமையாளர் ஏற்பார் என்றுதான் அச்சிட்டு வைத்திருப்பார்கள். அட்டவணையைத் தாண்டிய கட்டணமும், ஆவணக் குறைவால் வெட்டப்பட்ட தொகையும் ஆலோசகரின் பொறுப்பு என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காக எத்தனை நாள் பேரம் பேசினாலும் தகும். ஆலோசகர் நிதியிடமிருந்தே நேரடியாகப் பெற்றுக்கொள்ள நீங்கள் உரிமை எழுதிக்கொடுக்கும் முறையும் உண்டு. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. பணம் தாமதமானால் உங்கள் சொத்தின் மேல் உரிமைப்பிடி (பாக்கிக்கு ஈடாகச் சொத்தின் மேல் பதியும் உரிமை) போட மாட்டேன் என்ற உறுதியையும் சேர்த்து வாங்குங்கள்.

டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள். அந்தத் தொகையை வேறு பில்லில் ஏற்றித்தான் எடுப்பார்கள். அது மோசடி, கோரிக்கையில் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

6. 7, 20, 45: மறக்கக் கூடாத மூன்று எண்கள்

சந்தேகம் வந்த 7 நாட்களுக்குள் தொட்டியையும் குழாயையும் இறுக்கச் சோதனைக்கு, அதாவது கசிவில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, உட்படுத்த வேண்டும், அல்லது மண்ணைச் சோதிக்க வேண்டும். சோதனை தேறிவிட்டது, சுற்றுப்புறத்திலும் மாசு இல்லை என்றால் அத்துடன் முடிந்தது. தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கசிவு உறுதியானால், 20 நாட்களுக்குள் முதற்கட்டத் தடுப்பு அறிக்கை: எவ்வளவு எரிபொருளை வெளியே எடுத்தீர்கள், ஆவி அபாயத்தை எப்படித் தடுத்தீர்கள், எங்கெல்லாம் மாசு தெரிகிறது என்ற விவரங்கள். 45 நாட்களுக்குள் தள ஆய்வு அறிக்கை: கசிந்தது எந்த எரிபொருள், ஏறத்தாழ எவ்வளவு, சுற்றியுள்ள கிணறுகள், மண்ணின் தன்மை, நிலத்தடிச் சாக்கடைகள், அருகில் வாழும் மக்கள். நிலத்தடி நீரின் மேல் எரிபொருள் தனிப் படலமாக மிதந்தால், அதை இயன்றவரை அகற்றத் தொடங்கி, அதற்கும் 45 நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்பு கேளுங்கள். துளைப்பொறி கிடைக்கவில்லை, அண்டை நிலத்துக்காரர் அனுமதி தரவில்லை என்ற காரணங்கள் பெரும்பாலும் ஏற்கப்படும். கெடு முடிந்த பின் கேட்பதற்கு மதிப்பில்லை.

துளையிடும் முன் 811 அழைத்து நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்லவேண்டும். உங்கள் வளாகத்துக்குள்ளே ஓடும் எரிபொருள் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள். பழைய வரைபடத்தை எடுத்து நீங்களே காட்டுங்கள். துளைப்பொறி ஒரு குழாயை உடைத்தால் அது இரண்டாவது கசிவு, இரண்டாவது டிடக்டிபிள்.

நீர் மாதிரிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு தாளைக் கவனியுங்கள்: மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று காட்டும் கைமாற்றுப் படிவம். அதில் ஒரு கையெழுத்து விடுபட்டால் ஆய்வக முடிவையே நிதி ஏற்க மறுக்கலாம்.

7. அங்கீகாரம் வரும் வரை காத்திருங்கள்

அவசரத் தடுப்பு வேலை முடிந்த பிறகு நடக்கும் ஒவ்வொன்றுக்கும், பெரும்பாலான நிதிகளில், திட்டமும் பட்ஜெட்டும் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை இங்கே நேர்ந்தவை. இயந்திரம் ஏற்கெனவே வந்து நிற்கிறது, குழியும் திறந்திருக்கிறது, இன்னும் 200 டன் மண்ணை எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த 200 டன் அங்கீகாரத்தில் இல்லை என்றால் அதன் முழுச் செலவும் உங்களுடையது. களத்திலிருந்தே திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்த வாளி மண்ணை எடுக்க விடுங்கள்.

தொட்டியை எடுத்துப் புதிது போடும்போது கசிவு தெரிந்தவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். புதிய தொட்டி, புதிய குழாய், புதிய கான்கிரீட் மேடை, வேலை நடந்த நாட்களில் இழந்த வருமானம் ஆகியவை சுத்திகரிப்புச் செலவு அல்ல. வட்டியும் வக்கீல் கட்டணமும் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு வேலைகளையும் ஒரே நிறுவனம் செய்தாலும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி பில் வாங்குங்கள். ஒரே பில்லில் கலந்துவிட்டால் பிரித்துக் காட்டும் சுமை உங்களுடையது. சந்தேகம் வந்த ஒவ்வொரு வரியும் வெட்டப்படும்.

8. சுத்திகரிப்பு: செலவும் காலமும்

கசிவு மண்ணோடு நின்றிருந்தால் தோண்டி எடுத்து அகற்றுவதே விரைவு. சில வாரங்களில் முடியும், செலவும் பல்லாயிரம் டாலரில் நிற்கும். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் ஒரு லட்சம் டாலரில் தொடங்கி 10 லட்சத்தையும் தாண்டலாம், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பெட்ரோலில் இருக்கும் நச்சுப் பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். மிகச் சிறு கசிவும் பெரிய பரப்பைக் கெடுப்பது அதனால்தான்.

மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பது, நீருக்கு அடியில் காற்றைச் செலுத்துவது, நீரையும் ஆவியையும் சேர்த்து இழுப்பது, மாசை வேதியியல் முறையில் சிதைப்பது என்று பல முறைகள் உண்டு. மாசு பரவாமல் சுருங்கி வருகிறது என்று காட்ட முடிந்தால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும் வேகத்தைக் கண்காணித்துக்கொண்டு இருப்பதையும் ஒரு முறையாகவே ஏற்கிறார்கள். ஆலோசகர் பெரிய இயந்திரத்தைப் பரிந்துரைத்தால், ஏன் கண்காணிப்பு மட்டும் போதாது என்று எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியா 2012இல் கொண்டுவந்த குறை அபாயத் தள முடிவுக் கொள்கை போல, மீதி மாசு இருந்தாலும் ஆளுக்கும் நீருக்கும் ஆபத்தில்லை என்றால் கோப்பை மூட வழி இருக்கும் மாநிலங்கள் உண்டு.

தோண்டிய மண்ணைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி. 280ஆம் பகுதியின் கீழ் நடக்கும் தொட்டிச் சுத்திகரிப்பில் வெளிவரும் பெட்ரோலிய மண், பென்சீன் அளவு காரணமாக மட்டும் மத்திய விதிப்படி அபாயக் கழிவாகக் கருதப்படுவதில்லை. அதற்கு விலக்கு இருக்கிறது. மாநில விதி கடுமையாக இருந்தால் ஒழிய, அதைச் சாதாரண மாசு மண்ணாகவே அனுப்பலாம். தவறாக அபாயக் கழிவு என்று பதிந்துவிட்டால் கொட்டும் கட்டணம் பல மடங்காகும். நிதியும் அந்த வித்தியாசத்தைத் தராது. லாரி கிளம்பும் முன் கழிவு விவரப் படிவத்தை நீங்களே படித்துக் கையெழுத்திடுங்கள்.

9. கோரிக்கைக் கட்டு

வேலை முழுதும் முடியும்வரை காத்திருக்காமல், கட்டம் கட்டமாகக் கோருங்கள். கட்டில் இருக்க வேண்டியவை:

- அங்கீகாரக் கடிதமும் அங்கீகரிக்கப்பட்ட பட்ஜெட்டும்
- ஒவ்வொரு பில்லும், அதன் பின்னால் பணிநேரத் தாள்கள், துணை ஒப்பந்ததாரர்களின் மூலப் பில்கள்
- ஆய்வக முடிவுகளும் கைமாற்றுப் படிவங்களும்
- மண் ஏற்றிய லாரி ஒவ்வொன்றுக்கும் கழிவுச் சீட்டும் எடைச் சீட்டும்
- பணம் கொடுத்ததற்கான ஆதாரம்: வங்கி தீர்த்த காசோலையின் இருபுறமும்

கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்த எதற்கும் ஆதாரம் இல்லை. நண்பரின் கணக்கிலிருந்தோ இன்னொரு கம்பெனியின் கணக்கிலிருந்தோ கொடுத்தால், கோருபவரும் கொடுத்தவரும் வேறு என்று திருப்பி அனுப்புவார்கள். தொட்டிப் பதிவில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே பெயரில் ஒப்பந்தம், அதே பெயரில் பில், அதே பெயரில் காசோலை.

பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அது பட்ஜெட்டின் எந்த வரியில் வருகிறது என்று எண் இடுங்கள். ஆராய்பவர் உங்களுக்கு எதிரி அல்லர். அவர் மேசையில் ஏராளமான கட்டுகள் இருக்கின்றன. தேட வேண்டியிருக்கும் கட்டு ஓரமாகப் போகும். பணம் வர மாதங்கள் ஆகலாம், நிதியில் இருப்புக் குறைந்தால் இன்னும் நீளும். அந்தக் காலத்தைத் தாங்கும் கடன் வரம்பை வங்கியிடம் முன்பே பேசி வையுங்கள்.

10. வெட்டினால், மறுத்தால்

மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக் கெடு இருக்கும். சில இடங்களில் அது மிகக் குறுகியது. கடிதம் கைக்கு வந்த உறையையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலான வெட்டுகள் ஆவணக் குறைவால் நேர்பவை. விடுபட்ட சீட்டைக் கொடுத்தால் சரியாகிவிடும். தகுதியே இல்லை என்ற மறுப்பு வந்தால் மட்டும் வக்கீலிடம் போங்கள்.

முந்தைய உரிமையாளர் காலத்துக் கசிவு என்றால் அவரிடம் வாங்கலாமே என்று தோன்றும். இது நினைப்பதைவிடக் கடினம். மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்யும் செலவைப் பொறுப்பாளர்களிடம் வாங்க வழிசெய்யும், சூப்பர்ஃபண்ட் என்று அறியப்படும் மத்தியச் சட்டம் பெட்ரோலியத்தை விலக்கிவிடுகிறது. நிலத்தடித் தொட்டிகளை ஆளும் கழிவுச் சட்டத்தின் குடிமக்கள் வழக்குப் பிரிவை வைத்து, ஏற்கெனவே செய்துமுடித்த சுத்திகரிப்புச் செலவைக் கேட்க முடியாது என்று 1996இல் மெக்ரிக் எதிர் கே.எஃப்.சி. வெஸ்டர்ன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கும் பெட்ரோலிய மாசு பற்றியதுதான். எனவே மிஞ்சுவது மாநிலச் சட்டமும் உங்கள் வாங்கல் ஒப்பந்தமும். பழைய கசிவுக்கு விற்பவரே பொறுப்பு என்ற பிரிவு, அதற்காக விலையில் ஒரு பகுதி மூன்றாமவரிடம் நிறுத்திவைக்கப்படுவது, வாங்கும் நாளில் மண்ணும் நீரும் இருந்த நிலையைக் காட்டும் துளை ஆய்வு ஆகிய மூன்றும் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். முதல் கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வு தாள்களைப் பார்க்கும் ஆய்வு மட்டுமே. பழைய பெட்ரோல் நிலையம் என்றால் துளையிட்டு மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்டம் வரை போங்கள்.

உண்மையிலேயே செலவு செய்ய வழியில்லாதவர்கள் மறைந்து போகாமல், வருமானக் கணக்குகளோடு மாநில அலுவலகத்தை அணுகுங்கள். கேலனுக்கு 0.1 சென்ட் வீதம் வசூலாகும் வரியிலிருந்து மத்திய அறக்கட்டளை நிதி ஒன்று இருக்கிறது. பொறுப்பாளர் இல்லாத அல்லது இயலாத தளங்களில் மாநிலம் அதைப் பயன்படுத்தலாம். பிறகு உங்களிடம் வசூலிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் உங்கள் சக்தியைப் பார்த்து அதைத் தளர்த்தவும் முடியும்.

11. கோப்பை மூடுதல்

வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது ஓராண்டாவது, நீர் மாதிரிகள் வரம்புக்குள் வந்த பிறகு, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்ற கடிதத்துக்கு ஆலோசகர் விண்ணப்பிப்பார். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எண்கள் மாறும். வறண்ட பருவத்து ஒரு நல்ல முடிவை வைத்து அவசரப்பட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

கடிதத்தோடு நிபந்தனை வரலாம்: இங்கே கிணறு தோண்டக் கூடாது, இந்தத் தளத்தைக் கான்கிரீட்டால் மூடியே வைக்க வேண்டும், இதைப் பத்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். குத்தகை நிலம் என்றால் நில உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் இது நடக்காது. அவரிடம் கடைசி மாதத்தில் போகாமல் தள ஆய்வு முடிந்ததுமே பேசுங்கள்.

கண்காணிப்புக் கிணறுகளை முறைப்படி அடைத்து மூடும் செலவும் பல நிதிகளில் திரும்பி வரும். ஆனால் கோப்பு மூடிய பிறகு கோரிக்கைக்கு ஒரு கடைசித் தேதி ஓடத் தொடங்குகிறது. எனவே கிணறுகளை அடைக்கும் பட்ஜெட்டுக்கு முன்கூட்டியே அங்கீகாரம் வாங்கி, அடைத்த சான்றிதழோடு இறுதிக் கோரிக்கையை அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். பிறகு நிலையத்தை விற்கும்போது அந்தக் கடிதத்தின் நகலை வாங்குபவர் கேட்கும் முன்பே கொடுங்கள்; மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.